தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு: ஒரு தாள் எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர், அதாவது தீக்குச்சிகளைக் கட்டை என்கிற சட்டத்தில் வரிசையாக அடுக்கியவர். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை எனக்குக் கிளை நூலகம்தான் வீடு. எங்கள் வீட்டுப் பேச்சு அச்சில் ஏறும் என்பதை அங்கே கி. ராஜநாராயணனின் கதைகளில்தான் முதலில் கண்டேன். கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர் அவர். அந்த அகராதியை வைத்துக்கொண்டு, அம்மா பேசும் சொற்களில் எவை அதில் இல்லை என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். என் நாவல் அந்த நோட்டில் முளைத்தது.

எழுத ஆறு வருஷம் ஆனது. வேலைக்குப் போகுமுன், விடிகாலை நாலரையிலிருந்து ஆறு வரை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். கணக்குப்பிள்ளை கூலியைப் பிடித்ததும் என் நாயகி சண்டைக்குப் போவதாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். "மறுநா வேலைக்கு வரணும்ல, எப்படிச் சண்ட போடுவா?" என்றார் அம்மா. அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். இப்போது அவள் ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டையைக் கையில் எடுக்கிறாள். நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

பிறகு உங்களில் ஒருவரிடம் வந்தேன். 300 பிரதிக்கு நானே பணம் கட்ட வேண்டும் என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். மெய்ப்பு பார்த்தவர் 'கட்டை அடுக்குதல்' என்பதைக் 'குச்சிகளை வரிசைப்படுத்துதல்' என்று மாற்றியிருந்தார். என்னிடம் காட்டவில்லை. புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று அழுதேன். எத்தனை விற்றது என்று கேட்கும்போதெல்லாம் "மெதுவாப் போகுதும்மா" என்ற பதில்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போன தோழி ஒரு படம் அனுப்பினாள். அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்று இருந்தது. முதல் 300 தீர்ந்த சேதியே எனக்கு வரவில்லை.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமலில்லை. காகித விலை ஏறுகிறது, கடைக்காரர் பணம் தர மாதக்கணக்காகிறது, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கணக்கு எழுதித் தர இவை எதுவும் தடையல்ல. தேவைக்கேற்ப ஐம்பது ஐம்பதாக அச்சடிக்கும் இந்தக் காலத்தில், எத்தனை பிரதி போனது என்பது உங்களுக்கும் அச்சகத்துக்கும் மட்டுமே தெரியும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், என்னென்ன உரிமை, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். என்னைப் போன்றவர்களின் புத்தகங்களோ ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிவாகிவிடுகின்றன. கேட்டால் அடுத்த புத்தகம் போட மாட்டார்களோ என்ற பயத்தில் நானும் என் நாயகியைப் போல வாய் திறக்காமல் இருந்தேன்.

இப்போது கேட்கிறேன். ஒப்பந்தம் எழுதித் தாருங்கள். ஆண்டுக்கொருமுறை அச்சிட்டது, விற்றது, மீதி மூன்றையும் ஒரு தாளில் அனுப்புங்கள். சொல்லை மாற்றுமுன் எங்களிடம் காட்டுங்கள்.

இரண்டாவது நாவல் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் அம்மா இன்னும் கேட்கவில்லை. கையெழுத்துப் பிரதியோடு ஒப்பந்த வரைவு ஒன்றையும் சேர்த்தே உங்களுக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
ஒரு கரிசல்காட்டு எழுத்தாளர்