கசிவைக் கையால் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிராக்டர் பேக்ஹோவில் (பின்னால் உள்ள மண் தோண்டும் கை) ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய், மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். கழற்றும் முறையும் மாட்டும் முறையும் சரிதான். ஆனால், 'கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் ஹோஸைத் தடவிப் பாருங்கள்' என்று அதில் ஒரு வரி வருகிறது. பல வருடங்களாக இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வேலை செய்யும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும். டிராக்டரின் பின்சக்கர டயரில் பெரும்பாலும் 2 பாருக்குள்தான் காற்று இருக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும், கையுறை தடுக்காது. முதலில் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அதனால்தான் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சில மணி நேரம் கழித்துக் கை வீங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்து எண்ணெயை எடுக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். மருத்துவரிடம் 'ஏதோ குத்திவிட்டது' என்று மட்டும் சொல்லாமல், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட நீளமான அட்டையோ பலகைத் துண்டோ போதும். எண்ணெய் பட்ட இடம் தானே காட்டிக்கொடுக்கும். தயவுசெய்து அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

குறிப்பில் விட்டுப்போன இன்னொன்று: இன்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விடாது. பூம் (தோண்டும் கையின் பெரிய தண்டு) மேலே நின்றால் அதன் எடை முழுவதையும் சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய்தான் தாங்குகிறது. நட்டைத் தளர்த்தினால் எண்ணெய் பீறிடும், பூம் இறங்கும்; கீழே நிற்பவர் விலக நேரம் கிடைக்காது. பூம், பக்கெட், பக்கவாட்டுக் கால்கள், முன்னால் உள்ள லோடர் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு லீவரையும் இரு பக்கமும் சில முறை அசைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

ஹோஸ் வாங்குவதிலும் அவசரம் கூடாது. வெளிக்கனத்தைப் பார்த்து அளவு சொல்கிறார்கள், கணக்கு உள்விட்டத்துக்குத்தான். பழைய ஹோஸின் மேல் அச்சிட்ட வரியைத் துடைத்துப் படித்தால் ரகம் தெரியும். அரை அங்குல '100ஆர்2' என்றால் உள்ளே இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல் உண்டு. அந்த இடத்தில் ஒற்றைப் பின்னல் ஹோஸைப் போட்டு 'பார்க்க ஒரே மாதிரிதானே' என்பவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. முனைகளும் அப்படித்தான். 37 டிகிரி கூம்பு வேறு, 60 டிகிரி கூம்பு வேறு. மரை கொஞ்சம் ஏறிவிட்டது என்பதற்காக இறுக்கிப் பயனில்லை. கூம்பு உட்காராது, கசியும்.

நீளத்தைக் கறாராக வெட்டக் கூடாது. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம், அதாவது ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. நட்டை இறுக்கும்போது ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்பதை அந்த அச்சு வரியே காட்டும். அது நேராக ஓட வேண்டும். பேக்ஹோ இடமும் வலமும் திரும்பும் கீல் பக்கத்தில்தான் ஹோஸ்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. அங்கே இருந்த சுருள் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு மொட்டையாக மாட்டினால் புது ஹோஸும் அதே இடத்தில்தான் போகும்.

வெட்டிய ஹோஸுக்குள் ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் கிடக்கும். சுத்தம் செய்யாமல் மாட்டினால் அது நேரே வால்வுக்குப் போய்ச் சேரும். மாட்டி முடித்ததும் இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லீவர்களை மெதுவாக இயக்கிக் காற்றை வெளியேற்றி, பிறகு டேங்கில் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பேக்ஹோ மெக்கானிக் ஒருவர்