ஞாயிறுக்குள் உங்க குட்டி விளையாட்டு வந்து சேரட்டும்

வணக்கம் மக்களே. போன வாரம் பேசினபடி ஆளுக்கொரு சின்ன கம்ப்யூட்டர் விளையாட்டு, இல்லன்னா திரையில தொட்டுத் தொட்டுப் படிக்கிற கவிதை செய்யணும். ஞாயிறு இரவு 8 மணிக்குள்ள இங்கேயே போடுங்க.

எழுத்து மட்டும்னா, கிளைக்கிற கதை செய்ற ட்வைன்ங்கிற மென்பொருள் போதும். 2009-ல கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கினது, இலவசம். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள்ள போட்டா அதுவே அடுத்த பக்கத்துக்கு வாசல். தமிழும் ஒழுங்கா வருது.

படம் வேணும்னா, புள்ளிப் படத்தால குட்டி விளையாட்டு செய்ற பிட்சிங்கிற கருவி. ஒவ்வொரு கட்டமும் 8-க்கு 8 புள்ளிதான். அந்த 64 புள்ளிக்குள்ள பாட்டியோட மூக்குத்தியைக் கொண்டுவர ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். கடைசியில அது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அம்மா பார்த்ததும் "ஐயோ, எங்கம்மா!"ன்னுட்டாங்க.

ரெண்டுலயும் கிடைக்கிறது பிரவுசர்ல திறக்கிற ஒரே எச்டிஎம்எல் கோப்பு. அதை டாக்குமெண்ட்டா அனுப்புங்க, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பிரவுசர்லயே வேலை செய்றவங்க தினம் ஒரு நகல் இறக்கி வைங்க. பிரவுசர் டேட்டாவை அழிச்சா கதையும் போயிடும்.

5 நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க. ஜெயிக்கணும், தோக்கணும்னு எதுவும் இல்ல. விளையாட்டுகளை எல்லாரும் பார்க்கப் போடுற இட்ச்.ஐஓ தளத்துல ஏத்துறது அவங்கவங்க இஷ்டம். வீட்டு விஷயம்னா குழுவோட நிக்கட்டும், யாரும் வெளியே ஃபார்வர்ட் பண்ணாதீங்க.