மாப்ளைக்கு, இன்ஜின் விஷயமாக

அன்புள்ள மாப்ள,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? பட்டறையைப் பீளமேட்டிலிருந்து மாற்றப்போவதாகக் குண்டன் சொன்னான். மாற்றாதே என்று நான் சொன்னால் நீ கேட்கவா போகிறாய்? இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் காலேஜுக்குப் போய்விட்டாள்.

இத்தனை மாதம் எழுதாமல் விட்டதற்கு நீ திட்டுவதை எல்லாம் போனில் திட்டிக்கொள். நான் கட்டும் விமானத்துக்கு எந்தக் கார் இன்ஜின் என்பது பற்றி இப்போது ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். போன ஞாயிறு எங்கள் ஊர் ரன்வேயை ஒட்டி, பக்கத்து ஹேங்கர் பெரியவர் தன் விமானத்தோடு சோயா வயலில் இறங்கிவிட்டார். அவரே கட்டிய விமானம், தண்ணீரில் குளிரும் கார் இன்ஜின், புரொப்பல்லரை மெதுவாகச் சுற்ற நடுவில் பெல்ட் ரிடக்‌ஷன். கிளம்பி மேலே ஏறும்போதே ஹோஸ் கழன்று, ஆவி முன்கண்ணாடியை மூடிவிட்டது. கூலன்ட் மொத்தமும் போய், கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சக்கரமும் புரொப்பல்லரும்தான் போயின.

மறுநாள் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். கழன்ற இடம் அவரே போட்ட அலுமினியக் குழாய். முனையை நறுக்கி அப்படியே விட்டிருந்தார், சுற்றிலும் மேடு எடுக்கவில்லை. மேடு இல்லாத குழாயில் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் சூடும் அழுத்தமும் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் கம்பெனி செய்த எந்தப் பாகத்திலும் குறை இல்லை மாப்ள. நின்றது முழுக்க நாம் சேர்த்த பாகத்தால். இங்கே பழைய ஆட்கள் யாரிடம் கேட்டாலும் கதை இப்படித்தான் போகிறது: பெட்ரோல் லைன், இக்னிஷன் ஒயர், கூலிங், ரிடக்‌ஷன். பிஸ்டன் உடைந்தது என்று சொல்பவர் குறைவு.

அதனால்தான் காற்றில் குளிரும் கோர்வேர் கார் இன்ஜின்தான் என்ற என் முடிவில் இன்னும் உறுதியாகிவிட்டேன். நீ மாருதி இன்ஜினை வைத்துப் பற என்றாய். குண்டன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. சுசுகியின் மூன்று சிலிண்டர் 993 சி.சி. இன்ஜினை இங்கே ஜியோ மெட்ரோ காரிலிருந்து கழற்றி நிஜமாகவே பறக்கிறார்கள். ஆனால் அதற்கு ரிடக்‌ஷன் வேண்டும். சின்ன இன்ஜின் ஐயாயிரம் ஆர்.பி.எம். பக்கம்தான் முழு சக்தியைக் கொடுக்கும். அந்த வேகத்தில் புரொப்பல்லரைச் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டு, இழுவை போய் இரைச்சல்தான் மிஞ்சும். நடுவில் பெல்ட்டோ கியரோ போட்டால், ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் நடுத்தண்டு) முறுகும் முறுக்கல் ஏதோ ஒரு ஆர்.பி.எம்.மில் புரொப்பல்லரின் கனத்தோடு ஒத்துப்போய்ப் பல மடங்காகும். கியர் பல் தெறிக்கும், ஷாஃப்ட் அறுந்துபோகும். அதைக் கணக்குப் போட்டு வெற்றி கண்டவர்கள் உண்டு. என் கராஜில் அதை அளக்க வசதி இல்லை.

கோர்வேர்தான் மாப்ள. 1960 முதல் 1969 வரை செவர்லே விட்ட கார். படுத்த ஆறு சிலிண்டர், காற்றில் குளிர்வது. என்னுடையது 2.7 லிட்டர். மூவாயிரம் ஆர்.பி.எம். பக்கம் ஏறக்குறைய 100 குதிரைத்திறன், புரொப்பல்லர் நேராகக் கிராங்கிலேயே. ரேடியேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, பெல்ட் இல்லை. நான் கட்டுவது பீட்டன்பால் ஏர் கேம்பர் என்பது உனக்குத் தெரியுமே. மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற குக்கிராமத்தில் பெர்னார்ட் பீட்டன்பால் 1920-களின் கடைசியில் ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை, வெறும் 40 குதிரைத்திறனை, வைத்துப் பறந்த விமானம் அது. 1960-களில் அவரே கோர்வேருக்கு வந்துவிட்டார்.

இனி என் கவலை. கிராங்க். காரில் அது முக்கியமாக முறுக்கத்தைத் தாங்கினால் போதும். விமானம் மூக்கைத் திருப்பும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பல்லர் கூடத் திரும்ப மறுக்கும். அந்த முரண்டு முழுக்க கிராங்கின் முனையை வளைக்கும். 2000-களில் சில கோர்வேர் கிராங்குகள் பறக்கும்போதே உடைந்தன. அதற்குப் பிறகுதான் மேல்தோலை நைட்ரைடிங் செய்வதும் (நைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்குவதும்), இருக்கும் நாலு மெயின் பேரிங்கோடு புரொப்பல்லர் பக்கம் ஐந்தாவதாக ஒன்று சேர்ப்பதும் வழக்கமாயிற்று. இரண்டையும் செய்கிறேன்.

விரிசல் எங்கே பிறக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஜர்னல், அதாவது பேரிங் உட்காரும் உருளை, முடிந்து சுவர் எழும் அந்த மூலையில். ரேடியஸ் (மூலையின் வளைவு) இல்லாமல் கிரைண்டிங் கல்லை இறக்கி மூலையைக் கூராக விட்டவனை நீ பட்டறையை விட்டே துரத்தியது எனக்கு மறக்கவில்லை. வாத்தியார் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதும்தான். என் கிராங்கைக் காந்தப் பொடி போட்டுப் பார்த்தாயிற்று, விரிசல் இல்லை. பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து) கிரைண்ட் செய்ய வேண்டியிருக்கும். கிரைண்டிங் முடிந்துதான் நைட்ரைடிங், அப்புறம் பாலிஷ் மட்டும். கல் வைத்தால் அந்தக் கெட்டித் தோல் போய்விடும் இல்லையா?

பறக்க ஆரம்பித்த பிறகு வேலை வேறு. நெடுஞ்சாலையில் போகும் காருக்கு இருபது, முப்பது குதிரைத்திறன் போதும். இங்கே மணிக்கணக்கில் முக்கால்வாசி சக்தியில் ஓடும். ஆறு சிலிண்டருக்கும் ஹெட்டில் தனித்தனி வெப்பமானி போடுகிறேன். காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பும் தகடுகளில் விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு 25 மணி நேர ஓட்டத்துக்கும் ஆயில் மாற்றி, ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்து உலோக மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இக்னிஷனில் ஒரு பக்கம் பாயிண்ட், இன்னொரு பக்கம் எலக்ட்ரானிக், காயில் தனித்தனி. இதில் பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னட்டோ கிடையாது, கரண்ட் போனால் இன்ஜினும் போய்விடும். அதனால் பேட்டரியும் இரண்டு. கார்புரேட்டருக்குச் சூடான காற்று கண்டிப்பாக. வெளியே 20 டிகிரி இருந்தாலும் ஈரக் காற்றில் உள்ளே பனி கட்டிவிடும்.

சான்றிதழ் பெற்ற இன்ஜினும் புரொப்பல்லரும் என்றால் சோதனைப் பறத்தல் 25 மணி நேரம், கார் இன்ஜின் வைக்கும் என் மாதிரி ஆளுக்கு 40. அதுவரை வீட்டுக்காரியை ஏற்ற முடியாது. ஏறவும் மாட்டேன் என்கிறாள். பெரியவர் விழுந்ததை நானேதான் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்துக் கட்ட எனக்கு மனமில்லை.

எல்லா ஜர்னலையும் மூலையோடு கிட்டத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது ராடு ஜர்னலில் ஒரு கோடு தெரியும், நகம் இடறவில்லை. பத்து தௌவில் அது போய்விடுமா, இருபது வேண்டுமா? ரேடியஸ் எவ்வளவு விடச் சொல்லட்டும்? கிரைண்டிங்காரரிடம் அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். அதற்குள் பதில் போடு. அவருக்கு விளங்கும்படி கையால் படமும் வரைந்து அனுப்பு.

உன் மச்சான்