சோல்டரிங் அயனைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்

வடமாகாணக் கல்வித் திணைக்கள அதிகாரிகளுக்கும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்மாருக்கும் வணக்கம்.

நான் யாழ் நகரில் றேடியோ, டீவி திருத்துகிறவன். தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காத நேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் செய்தி கேட்ட ஆள். தொழிலும் அப்போது கைக்கு வந்ததுதான்.

போன மாதம், தரம் 10 படிக்கும் என் மகள் விஞ்ஞான தினத்துக்குச் சின்னச் செய்மதி மாதிரி ஒன்று செய்யப்போகிறேன் என்று பாடசாலையில் கேட்டிருக்கிறாள். 'அது சிலபஸில் இல்லை, சார்ட் ஒன்று கீறிக்கொண்டு வாரும்' என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஆசிரியர்களின் தயக்கம் எனக்கு விளங்காமலில்லை. றொக்கெட் என்றதும் பங்கருக்குள் ஓடிய ஞாபகம் வருகிற வயது எங்களுடையது. மருந்து இடிக்கவோ வாணம் விடவோ பிள்ளைகளை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. றொக்கெட்டின் தலையில் ஏறிப் போகும் பெட்டி இருக்கிறதே, செய்மதி, அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இங்கிருந்து கடல் தாண்டினால் ஏறக்குறைய 250 கிலோமீற்றரில், திருச்செந்தூருக்குப் பக்கத்தில், குலசேகரன்பட்டினம். சிறிய றொக்கெட்டுகளுக்கென்று இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ அங்கே ஏவுதளம் அமைக்கிறது; 2024 பெப்ரவரியில் அடிக்கல் வைத்தார்கள். அந்த இடத்தைத் தேடிப் போனதற்கு எங்கள் தீவே ஒரு காரணம். வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, இஸ்ரோவின் மற்ற ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் வழியில் இலங்கை நிற்கிறது. அதனால் கிழக்கே கடலுக்குள் போய் வளைந்து வரவேண்டும். பெரிய றொக்கெட் அதைத் தாங்கும். இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. றொக்கெட் மாதிரிச் சிறியதற்கு, தூக்கவேண்டிய பாரத்தில் பெரும்பங்கு அந்த வளைவிலேயே போய்விடும்.

எஸ்.எஸ்.எல்.வி. 34 மீற்றர் உயரம், 120 தொன் எடை. 500 கிலோவை 500 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோகும். முக்கியமான மூன்று கட்டங்களும் திண்ம எரிபொருள். அலுமினியத் தூளையும் அமோனியம் பெர்குளோரேற்றையும் ரப்பர் மாதிரியான ஒரு பிசினில் மாவாகக் குழைத்து, உறைக்குள் வார்த்து இறுக விடுவார்கள். நடுவில் விடும் துவாரத்தின் வடிவம் எரியும் பரப்பை முடிவு செய்யும். உள்ளே ஒரு வெடிப்பு இருந்தாலும் பரப்புக் கூடி, அமுக்கம் ஏறி, உறையே பிளக்கலாம். பற்றவைத்த பிறகு ஈர்க்கு வாணம் மாதிரித்தான், இடையில் அணைக்க முடியாது.

அதோடு அதிர்வு. இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். கொழும்பு ஓடும் பஸ்களின் றேடியோ செற்றுகள் என் மேசைக்கு வரும்போது பாதிக்கு மேல் வேறு பழுதே இராது. ஒரு கால் சரியாக ஈயம் பிடிக்காமல், பார்வைக்கு ஒட்டியது மாதிரி இருந்துகொண்டே ஆடும். ட்ரை சோல்டர் என்போம். பல்லுக்குச்சியால் மெல்லத் தட்டினால் பாட்டு வரும், கையை எடுத்தால் நிற்கும்.

யப்பான்காரர் 2017 ஜனவரியில் விட்ட எஸ்.எஸ்.-520 என்ற சின்னத் திண்ம றொக்கெட்டுக்கும் இதே இனத்துப் பழுதுதான். அதிர்வில் ஒரு வயர் உரசி ஷோர்ட் ஆகி, 20 விநாடியளவில் தகவல் நின்றது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் அதே வகை றொக்கெட், மூன்று கிலோச் செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்டது. நீளம் ஒன்பதரை மீற்றர்தான்.

எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணமும் (2022 ஓகஸ்ட் 7) அதிர்வால்தான் போனது. இரண்டாம் கட்டம் பிரிந்த கணத்தில் அடித்த உலுப்பலில், வேகம் மாறுவதை அளக்கும் உணரிகளான முடுக்கமானிகள் எல்லை தாண்டிக் காட்டின. உணரிகள் பழுது என்று கணினி எடுத்துக்கொண்டது. அதனால் வேகம் போதாமல், செய்மதிகள் 76 கிலோமீற்றர் வரை தாழ்ந்த பாதையில் சிக்கி விழுந்தன.

அதில் ஒன்று ஆசாதிசாற். இந்தியாவின் 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்த 75 சின்னக் கருவிகள் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றும் 50 கிராம் அளவு, ஒரு கோழிமுட்டைப் பாரம். ஏறக்குறைய ஆறு மாதத்தில், கட்டம் பிரியும் பொறியை மாற்றி, 2023 பெப்ரவரி 10 அன்று திரும்ப விட்டார்கள். ஆசாதிசாற்-2 மேலே போய்ச் சேர்ந்தது.

அந்த 50 கிராமில் இருப்பது சின்னச் சேர்க்கிட் பலகைதான். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏலாத காரியம் இல்லை. கணக்கில், பௌதிகத்தில் கெட்டிக்காரர் நிறைய இருக்கிறார்கள். ஈயம் உருக்கி ஒட்டும் அயனைப் பிடித்த கைதான் இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். ஒவ்வொரு வலயத்திலும் ஒரு பாடசாலையில் ஒரு அறை, பத்து அயன், கிழமைக்கு ஒரு பின்னேரம். செய்த பலகையை மேசையில் வைத்து உலுப்பிப் பார்க்கட்டும், விட்டுப்போனால் திரும்பச் செய்யட்டும். அந்தப் பின்னேரத்துக்குப் புள்ளி போடாதீர்கள்.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடை பூட்டிவிடுவேன். எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் காசில்லாமல் வந்து பழக்குவேன். கடைக்குப் பின்னால் பழைய றேடியோப் பலகைகள் இரண்டு பெட்டி கிடக்கின்றன, அவற்றையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
யாழ் நகரத்து றேடியோ திருத்துபவர் ஒருவர்