எரிஞ்சுதா, எரிச்சாங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த கலவரக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ விஷயத்துக்காக, ரெண்டாவது தடவ அதுல இருந்த வினைச்சொல்லுக்காக. நான் பதினெட்டு வருஷமா மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவ, விடிஞ்சா பொழுது போனா வாக்கியத்தோட மல்லுக்கட்டுறதுதான் பொழப்பு, அதனால இது கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு. "வன்முறை வெடித்தது", "பதற்றம் நிலவியது", "வீடுகள் தீக்கிரையாகின", "பலர் உயிரிழந்தனர்". நாலு வாக்கியத்துலயும் செஞ்சவன்னு ஒருத்தன்கூட இல்ல சார். எல்லாமே மழை பேஞ்ச மாதிரி தானா நடந்திருக்கு.

தமிழ்ல இது எவ்வளவு நுணுக்கமா இருக்குன்னு பாருங்க. எரிந்தது, எரித்தது. உடைந்தது, உடைத்தது. அழிந்தது, அழித்தது. ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். ந் போட்டா அது தானா நடந்தது, த் போட்டா யாரோ செஞ்சாங்க. தன்வினை பிறவினைன்னு ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சிட்டு மறந்துட்டோம், ஆனா நாடு கொந்தளிச்சுக் கெடக்குற நேரத்துல அந்த ஒரு எழுத்துக்குள்ளதான் நியாயமே ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

இது நானா கற்பனையா சொல்றதில்ல. இலங்கையில போர்க்காலத்துலயும் போர் முடிஞ்சப்பவும் புள்ளைங்களத் தொலைச்ச அம்மாக்கள் 2017 பிப்ரவரியில கிளிநொச்சியில ரோட்டோரமா உக்காந்து தொடர் போராட்டத்த ஆரம்பிச்சாங்க. அவங்க விடாம சொன்ன வார்த்தை "காணாமல் ஆக்கப்பட்டோர்". இவங்களத் தேடுறதுக்குன்னு அதுக்கு முந்தின வருஷம் அரசு சட்டம் போட்டு உருவாக்குன அலுவலகத்தோட தமிழ்ப் பேருல இருக்கிறது "காணாமற்போன ஆட்கள்". போனவன்னா அவனே எங்கயோ போயிட்டான்னு ஆகுது, திருவிழாக் கூட்டத்துல கைய விட்ட குழந்தை மாதிரி. ஆக்கப்பட்டவன்னா ஆக்குனவன் ஒருத்தன் இருக்கான், அவன் பதில் சொல்லணும். அவங்கள்ல சில பேர் தங்க கண் முன்னாடியே புள்ளைய ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்த தாய்ங்க, அவங்ககிட்ட போயி "காணாமப் போயிட்டாரா"ன்னு எப்படிக் கேப்பீங்க? அந்த அம்மாக்கள் யாரும் இலக்கணம் படிச்சு இதச் சொல்லல. ஆனா இன்னைக்கு அங்க வர்ற தமிழ்ப் பத்திரிகைகள்ல "காணாமல் ஆக்கப்பட்டோர்"ங்கிறது சாதாரணமா புழங்குற சொல்லாயிடுச்சு. ஒரு மொழியோட வினைச்சொல்லையே மாத்தி எழுத வச்சிருக்காங்க, அத நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெறஞ்சுபோகும்.

அர்ஜென்டினாவுலயும் இதே கதைதான் நடந்துச்சு. 1976ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சுது, ஆயிரக்கணக்கான பேரத் தூக்கிட்டுப் போனாங்க, 1979ல நிருபர்கள் கேட்டப்ப ராணுவத் தலைவர் விடேலா சொன்ன பதில், காணாமப் போனவர் உயிரோடவும் இல்ல, சாகவும் இல்ல, காணாமப் போனவர் அவ்வளவுதான்னு. ஒரு சொல்ல வச்சே கேள்விக்குக் கதவச் சாத்திட்டாரு. ஆனா மக்கள் அந்தச் சொல்லையே திருப்பி அடிச்சாங்க, ஸ்பானிஷ் மொழியில "காணாமப் போனான்"ங்கிற வினைய "அவன அவங்க காணாமப் பண்ணிட்டாங்க"ன்னு பேச்சுல மாத்திக்கிட்டாங்க, இப்ப லத்தீன் அமெரிக்கா பூரா அப்படித்தான் சொல்றாங்க. எங்கயோ இருக்கிற ரெண்டு மொழி, ஒரே மாதிரி துக்கம், ஒரே மாதிரி திருத்தம்.

2022ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள படைய அனுப்பிட்டு அத "சிறப்பு ராணுவ நடவடிக்கை"ன்னுதான் எழுதணும், போர்னு எழுதக் கூடாதுன்னு சொன்னதும், ராணுவத்தப் பத்திப் பொய்த்தகவல் பரப்புனா 15 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் கொண்டுவந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்படுறாங்கன்னா அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம் இருக்கணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. செஞ்சவன மறைக்கிறது ஒண்ணுன்னா, பாதிக்கப்பட்டவன மனுஷனே இல்லன்னு ஆக்குறது இன்னொண்ணு. போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒரு ஆடியோவ ஃபார்வர்டு பண்ணியிருந்தாரு, அதுல ஒரு கூட்டத்து ஜனங்களையே கரையான்னு பேசியிருந்தாங்க. நான் ஃபோன் போட்டு "மாமா, அத எடுத்துடுங்க"ன்னேன். "எல்லாரும் அனுப்புறதுதானேம்மா, நானா சொன்னேன், ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பதறுற"ன்னாரு. ஆப்பிரிக்காவுல இருக்கிற ருவாண்டாவப் பத்திச் சொன்னேன். அங்க 1993ல ஆரம்பிச்ச ஒரு ரேடியோ, பாட்டும் அரட்டையுமா நடுவுல அங்க சிறுபான்மையா இருந்த டுட்சி இன ஜனங்கள "இன்யென்ஸி"ன்னு, அதாவது கரப்பான்பூச்சின்னு, நாள் தவறாம சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 1994 ஏப்ரல்ல தொடங்கி நூறு நாள்ல சுமார் 8 லட்சம் பேரக் கொன்னாங்க. பூச்சின்னு காதுல விழுந்து விழுந்து பழகுனவனுக்குக் கைய ஓங்கும்போது எதிர்ல பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியாமப் போச்சு. 2003ல சர்வதேசத் தீர்ப்பாயம் மூணு பேருக்குத் தண்டனை கொடுத்துச்சு, அப்பீல்ல கொஞ்சம் குறைச்சாங்க, அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் ரேடியோவ உருவாக்குனவங்க, ஒருத்தர் பத்திரிகை ஆசிரியர். மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "சரிம்மா, எப்படி அழிக்கிறதுன்னு சொல்லு"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள எத்தன பேருக்குப் போச்சோ.

நீங்க ஒரு நியாயமான கேள்வி கேக்கலாம், யார் செஞ்சாங்கன்னே தெரியாதப்ப எப்படிம்மா எழுதுறதுன்னு. இந்தக் கூட்டம் அந்தக் கூட்டம்னு பேரப் போட்டா தீ இன்னும் பரவும்னு ஒரு பொறுப்பும் உங்களுக்கு இருக்கு, அத நான் மதிக்கிறேன். ஆனா நான் பேரக் கேக்கல சார், வினைய மட்டும்தான் கேக்குறேன். "எரித்தனர், யாரென்று தெரியவில்லை"ன்னு எழுதலாமே. அப்படி எழுதுனா கேள்வி தொறந்தே இருக்கும், படிக்கிறவன் யாருன்னு கேப்பான், நாளைக்கு அதிகாரியும் பதில் சொல்ல வேண்டிவரும். "தீக்கிரையாகின"ன்னு எழுதுனா கேக்குறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?

என் மேலயும் தப்பு இருக்கு. கரோனா வந்த புதுசுல நானே "சமூக விலகல்"னு பக்கம் பக்கமா மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கேன், மனுஷனுக்கு மனுஷன் விலகிப் போறத ஒழுக்கம் மாதிரி எழுதிட்டேன். 2020 மார்ச்லயே உலக சுகாதார நிறுவனம் உடல் அளவுல இடைவெளி போதும், சமூகமா சேர்ந்தே இருங்கன்னு சொல்ல மாத்திக்கிச்சு. நான் மாத்திக்க இன்னும் பல வாரம் ஆச்சு. அவசரத்துல கைக்கு வர்ற சொல்ல அப்படியே போட்டுட்டுப் போறது எவ்வளவு சுலபம்னு தெரிஞ்சுதான் இத எழுதுறேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதே கட்டுரையோட மூணாவது பக்கத்துல, கரி புடிச்ச வாசப்படியில நிக்கிற ஒரு வயசான அம்மா உங்க நிருபர்கிட்ட பேசியிருக்காங்க. ஆளுங்க வந்து கதவ ஒடச்சு எண்ணெய ஊத்திக் கொளுத்துனாங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒடச்சு, ஊத்தி, கொளுத்தி, மூணுமே ஆள் செஞ்ச வேலை. அவங்க பேச்ச நிருபர் அப்படியே எழுதிக் கொடுத்திருக்காரு. அது தலைப்புக்கு வந்து சேரும்போது "வீடுகள் தீக்கிரையாகின"ன்னு ஆயிருக்கு. "வீடுகளைக் கொளுத்தினர்"னு போட்டிருந்தாலும் அதே எடத்துல அடங்கியிருக்கும், எண்ணிப் பாத்துட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி