தூதர் போய்விட்டார், டிரைவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் தூதரக அதிகாரிகள் பொருள் கடத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். தூதரின் பெட்டியைத் திறக்கவே முடியாது என்கிறது கட்டுரை. கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'தூதருக்குச் சட்ட விலக்குரிமை இருப்பதால் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அவர் நாடு திரும்பியதும் விவகாரம் முடிந்துவிடும்.' யாருக்கு முடிந்துவிடும் என்று அவரிடம் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், அதாவது சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் இடத்தில், இருந்தவன். தூதரகங்களுக்கு வரும் சரக்குகளின் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அந்த உரிமையில் சொல்கிறேன். தூதர்களின் உரிமைகளை வகுத்த 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் 36ஆவது பிரிவு தூதருக்குச் சுங்கவரியிலிருந்தும், அவருடைய சொந்தப் பெட்டிக்குச் சோதனையிலிருந்தும் விலக்குத் தருகிறது. அதே பிரிவுதான், தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே இருப்பதாகச் சந்தேகிக்க வலுவான காரணம் இருந்தால், அவரையோ அவருடைய பிரதிநிதியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கலாம் என்றும் சொல்கிறது. திறக்கவே கூடாது என்ற கண்டிப்பு 27ஆவது பிரிவில் வரும் தூதரகப் பைக்குத்தான். அதிலும் அலுவல் ஆவணங்களும் அலுவல் பொருள்களும் மட்டுமே இருக்க வேண்டும். உங்கள் கட்டுரையாளர் பெட்டியையும் பையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

அப்புறம் 32ஆவது பிரிவு. அனுப்பிய நாடு நினைத்தால், தூதரை வழக்கிலிருந்து காக்கும் விலக்குரிமையைத் தானே கைவிடலாம். உரிமை அந்த நாட்டுடையது, கோட்டு போட்டவருடைய சொத்தில்லை. ஆகவே இப்படி ஒரு செய்தி வந்தால் நிருபர் விசாரிக்க வேண்டியது, கைவிடச் சொல்லிக் கேட்டார்களா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதைத்தான். உங்கள் பத்திரிகையில் அதை யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை.

யாராலும் எதுவும் செய்ய முடியாதாம். 1960இல் நியூயார்க்கில் ஹெராயினோடு பிடிபட்டவர், பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் குவாத்தமாலா அனுப்பிவைத்த தூதர். பொலிவியாவுக்கான மெக்சிகோ தூதர் 1964இல் அதே ஊரில் அதே சரக்கு விவகாரத்தில் மாட்டினார். இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள். விலக்குரிமை செல்வது பணியாற்றும் நாட்டிலும் அங்கே போய்வரும் வழியிலும்தான். மற்ற ஊரில் அவரும் ஒரு பயணி. லண்டனில் காம்பியா தூதரக அதிகாரிகள் சிலர், அலுவலக உபயோகம் என்று எழுதிக்கொடுத்து 29 டன் புகையிலையை வரியில்லாமல் இறக்கி வெளியே விற்றார்கள். சின்னத் தூதரகம். அத்தனை புகையிலையையும் அங்கேயே புகைத்திருந்தால் ஒருவரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். 2014இல் லண்டன் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

எதையாவது செய்ய மனம் இல்லாதபோது நடப்பது வேறு. 2015 மார்ச்சில் டாக்கா விமான நிலையத்தில் வடகொரியத் தூதரகத்தின் முதல் செயலாளரிடம் சுமார் 27 கிலோ தங்கம் இருந்தது. பறிமுதல் செய்துவிட்டு ஆளை விட்டுவிட்டார்கள், பிறகு நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். 1976இல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நான்கும் அதே நாட்டின் தூதர்களை மது, சிகரெட், போதைப் பொருள் விற்றதாகச் சொல்லி வெளியேற்றின. வெளியேற்றம் அவ்வளவு பெரிய தண்டனையாக இருந்திருந்தால் டாக்காவுக்கு யாரும் தங்கத்தோடு வந்திருக்க மாட்டார்கள். மும்பையில் 2024 ஏப்ரலில் ஆப்கானிஸ்தான் துணைத் தூதரக அதிகாரியிடம் 25 கிலோ தங்கம் பிடிபட்டது. தங்கம் போயிற்று, அடுத்த மாதம் பதவியும் போயிற்று, கைது மட்டும் இல்லை.

சரி, திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் அமீரகத் துணைத் தூதரக முகவரிக்கு வந்த சரக்கில் 30 கிலோ தங்கம். வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி வாங்கித்தான் திறந்தார்கள். துணைத் தூதரகத்தில் முன்பு வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் நிரபராதிகள் என்று நான் வாதாட வரவில்லை, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கே இருந்த அமீரக அதிகாரி அதே மாதம் விமானம் ஏறிவிட்டார். உங்கள் பத்திரிகை அன்றைக்கு யார் படத்தைப் பெரிதாகப் போட்டது என்று பழைய கட்டைப் புரட்டிப் பாருங்கள்.

எனக்கு இதில் ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். எங்கள் அலுவலகம் பார்த்துக்கொண்ட தூதரகம் ஒன்றுக்கு, பெயர் வேண்டாம், மது அட்டைப்பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள். வரிவிலக்குப் படிவத்தில் கையெழுத்து அதிகாரியுடையது. சரக்கைப் பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்து மட்டும் அவருடைய டிரைவருடையது. சோதனை வந்தபோது படிவத்தை யாரும் எடுக்கவில்லை, ரசீதைத்தான் எடுத்தார்கள். அதிகாரிக்கு இடமாற்றம், பிரிவு உபசார விருந்து, மாலை, குழுப்படம். டிரைவர் விசாரணை, ஜாமீன், வாய்தா என்று அலைந்தார். தூதரகம் அவரைத் தெரியவே தெரியாது என்பதுபோல் வேலையை விட்டு நிறுத்தியது. மகள் கல்யாணத்தின்போதுகூடச் சரியான வேலை இல்லாமல் இருந்தார் அந்த மனிதர். விவகாரம் முடிந்துவிட்டதாம்.

உங்களிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு ஒரு சங்கிலியோடு இறங்கும் பெண்ணைப் பிடித்தால், மேஜை மேல் சங்கிலியை வைத்து, பின்னால் தலைகுனிந்து நிற்கும் அவளையும் சேர்த்துப் படம் போடுகிறீர்கள். வயது, ஊர், கணவர் பெயர் எல்லாம் வரும். தூதர் என்றால் கொடிக்குப் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் பழைய படம். மும்பைச் சம்பவத்தின்போது இதை ஒட்டி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரியாகச் சுருக்கி, பொருளைத் தலைகீழாக்கி, ஊர் பெயரையும் மாற்றிப் போட்டீர்கள். போனில் கூப்பிட்டுச் சொன்னதற்கு, இட நெருக்கடி என்றார் உங்கள் உதவி ஆசிரியர். அதே பக்கத்தில் நடிகரின் நாய்க்குப் பிறந்த நாள் கொண்டாடிய படத்துக்கு மூன்று பத்தி இடம் இருந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாய் பாவம், அதன் மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். தூதரின் பெட்டியைத் திறக்கவே முடியாது என்று கட்டுரையில் வந்ததற்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே ஞாயிற்றுக்கிழமை இதழில். இந்தக் கடிதத்தைச் சுருக்கியே ஆக வேண்டும் என்றால் நாயைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள், டிரைவரைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர், ஓய்வுபெற்ற கிளியரிங் ஊழியர்