ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க முடியாத வயது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

45 வயது தாண்டிய பெண்கள் தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். எலும்பைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் எழுதியிருந்தது எல்லாம் சரி. ஆனால் சோம்பலை உதறினால் போதும் என்று முடித்திருந்த இடத்தில் எங்கள் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து நான் எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் விற்பனையாளராக இருக்கிறேன். மாதவிடாய் தடுமாற ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஒரு மாதம் இருபது நாளிலேயே வந்துவிடும். அப்புறம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் நாப்கின் தாங்காது. நடுராத்திரியில் நெஞ்சிலிருந்து தலை வரைக்கும் குப்பென்று சூடு ஏறி, தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்து, அடுத்த நிமிஷமே குளிரும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிலும் ஆசை இல்லாமல் போனதுதான் என்னைப் பயமுறுத்தியது. தீபாவளிக்குப் புதுச் சரக்கு வந்து கட்டுப் பிரிக்கும்போது முதல் ஆளாக நின்று முந்தானையைத் தடவிப் பார்க்கிறவள் நான். போன தீபாவளிக்கு அந்தக் கட்டுகள் வந்து இறங்கியபோது, எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் இருந்தது.

இப்படி இருக்கிறவளைப் பார்த்துச் சோம்பல் என்று சொன்னால் வலிக்கிறது ஐயா.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான் எனக்கு இதை விளக்கினார். மாதவிடாய் திடீரென்று ஒரு நாளில் நின்றுவிடுவதில்லை. கடைசியாக வந்து 12 மாதம் முழுசாக ஆன பிறகுதான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் வருகிற தடுமாற்றக் காலத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். பலருக்கு நான்கு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் நீளும். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறையாமல் ஏறியும் இறங்கியும்தான் குறைகிறது. தூக்கம், மனநிலை, உடம்பின் சூட்டைச் சமமாக வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் காலையில் எழுந்து ஓட யாருக்குத்தான் மனசு வரும்?

உடற்பயிற்சி என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் அவர் செய்தது இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும், எனக்கு 9.4 இருந்தது. தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார். மாதக்கணக்கில் அதிகமாகப் போன இரத்தத்தை உடம்பு எங்கிருந்து ஈடுகட்டும்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல். அதனால் எங்களை நடக்கச் சொல்லி எழுதுகிறவர்கள், முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுத்து இரத்தம் ஏறின பிறகுதான் மாடிப்படி ஏறும்போது எனக்கு இருந்த மூச்சுவாங்கல் நின்றது. அதுவரை மனஉறுதி, வைராக்கியம் என்று எதைச் சொல்லியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

"நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கே, சேலையைத் தூக்கித் தூக்கிப் போடுறே, வீட்டுக்கு வந்தாலும் வேலை. இதுக்கு மேல என்னம்மா எக்சர்சைஸ்?" என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான், எங்களைப் போன்ற பல வீடுகளில் கேட்கப்படுவதும்தான். ஆனால் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பதால் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், குதிகால் வலிக்கும். தசைக்குப் பலம் ஏறாது. கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்களுக்காக வந்த சட்டம் அது. நிற்பது உடற்பயிற்சி என்றால் அதற்குத் தேவையே வந்திருக்காது. எலும்பும் தசையும் பலப்பட வேண்டுமென்றால், பழகின வேலையை விடக் கொஞ்சம் கூடுதலான பாரத்தை உடம்பு சுமக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். தினமும் உதறுகிற சேலை உடம்புக்குப் பழகிப் போய்விடுகிறது.

அவர் சொல்லிக் கொடுத்தது எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியவை. சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலியில், கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுவரில் உள்ளங்கையை வைத்து உடம்பைத் தள்ளுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. தண்ணீர் நிரப்பின ஒரு லிட்டர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவது. முட்டி வலிக்கிறவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஆர்வம் வந்த பிறகு செய்யலாம் என்று விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதனால் ஆர்வத்தோடு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் அடுப்பில் குக்கர் ஏறியதும் குதிகாலை உயர்த்த ஆரம்பித்துவிடுவேன். செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமே வைப்பதில்லை. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலிக்குப் போவேன். நடைக்கு மூன்றாவது வீட்டுத் தங்கச்சி துணை. அவளுக்கும் இதே வயது, இதே பாடு. வார விடுமுறை அன்று அவள் வந்து கூப்பிடுவாள், நான் வராவிட்டால் திண்ணையில் உட்கார்ந்துகொள்வாள். முடியாத நாளில் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வருவோம். அதையும் நடை என்றுதான் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

இது நாங்களாகச் செய்துகொண்ட சமாதானம் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் நடை மாதிரியான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பு, ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். தூக்கம் கெட்ட உடம்போடு இருக்கிறவர்களுக்கு இதை விடத் தெம்பான செய்தி கிடையாது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

உடற்பயிற்சி செய்தால் இந்தச் சூடும் வேர்வையும் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். எனக்கு இன்னும் வேர்க்கத்தான் செய்கிறது. தாங்க முடியாதவர்களுக்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்தது வேறு. நடந்துவிட்டு வந்த அன்று கொஞ்சம் கூடுதலாகத் தூங்குகிறேன். முட்டி பிடிப்பது குறைந்திருக்கிறது. அதை விடப் பெரியது, அந்தக் கால் மணி நேரம் நான் யாருக்கும் சமைப்பதில்லை, யாருக்கும் விற்பதில்லை. என் உடம்புக்கு நான் செய்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நேரம் எனக்கென்று இருந்ததில்லை.

என் அம்மாவுக்கு 63 வயதில் கொல்லையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் அவர் தனியாக நடக்கவே இல்லை. மாதவிடாய் நிற்கிற சமயத்தை ஒட்டிய வருஷங்களில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது என்று அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளுக்கு நான் சொல்லுவேன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. பத்திரிகையில் இதைப் பேசுகிறவர்களே இல்லை என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்கள் வயதில் தும்மினால், இருமினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது. அவசரமாக வந்துவிடுகிறது. இரத்தப்போக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாங்கள் நடக்கப் போகிற மைதானத்தில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் பூட்டியே கிடக்கிறது. காலையில் அங்கே நடக்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். பெண்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் எங்கே போவது என்ற பயத்தில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிற தசையை இறுக்கிப் பிடித்து, மெதுவாக விடும் பயிற்சி இதற்கு உதவுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுகூடச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் கழிப்பறைக்கு அது மாற்று ஆகாது.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். வரவேற்கிறேன். அது போன்ற எந்தப் பாதையாக இருந்தாலும், காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கும், தண்ணீர் வருகிற பெண்கள் கழிப்பறை வேண்டும். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு விளக்கு வேண்டும். உட்கார நடுநடுவே பெஞ்சு வேண்டும். அதே போல 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற சகோதரிகள், "மாதவிடாய் எப்படிம்மா இருக்கு, தூக்கம் வருதா?" என்று சேர்த்துக் கேட்கலாம். நாற்காலிப் பயிற்சியை அங்கேயே ஒரு தடவை செய்து காட்டினால், டாக்டரிடம் போக நேரம் இல்லாதவர்களுக்கும் போய்ச் சேரும். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருப்பதால் இது முடியாத காரியம் இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படத்தில், இருபது வயசுப் பெண் ஒருத்தி இறுக்கமான உடுப்பில் பாய் விரித்துக் காலை தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். என் கூட வேலை பார்க்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது நமக்கில்ல" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். அடுத்த முறை, நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துகிற ஒரு பெண்ணின் படத்தைப் போடுங்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால், விடுமுறை நாளில் வர எங்கள் கடையில் நான்கு பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டுச்சேலைப் பிரிவு விற்பனையாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)